மாலை போட்ட கேன்

எங்கள் வீட்டுப் பீடத்தில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்கும் மாதா சுரூபத்துக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கேன் இருந்தது. படகில் குடிதண்ணீர் கொண்டுபோகும் ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன். மூடி நீலம். நீலம் மாதாவின் நிறம் என்று அத்தை அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். கேனின் கழுத்தில் காகிதப் பூமாலை. சனிக்கிழமைதோறும் அதைத் துடைத்து வைப்பது என் வேலை. வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் பீடத்தின் முன் சிலுவை போட்டுவிட்டு நிமிர்ந்தால் கண் நேராகக் கேனில் போய் நிற்கும். அவர்கள் வாய் திறப்பதற்குள் அத்தை கதையைத் தொடங்கிவிடுவார்.

கதை இதுதான். எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, தன் கூட்டாளியோடு சின்ன பைபர் படகில் தொழிலுக்குப் போனார். காற்று மாறி, படகு கவிழ்ந்து, இன்ஜினோடு முங்கிவிட்டது. மறுநாள் மதியம் மாலத்தீவிலிருந்து திரும்பி வந்த சரக்குத் தோணி ஒன்று மாமாவைத் தண்ணீரிலிருந்து தூக்கியது. அப்போது அவர் நெஞ்சோடு கட்டிப்பிடித்திருந்தது இந்தக் கேனைத்தான். கழுத்தில் செபமாலை அறுபடாமல் கிடந்தது. கூட்டாளி கிடைக்கவில்லை. கடைசிவரை உடலும் கிடைக்கவில்லை. அத்தை கதை சொல்லும்போது இந்த இரண்டு வரிகள் மட்டும் கொஞ்சம் வேகமாகப் போய்விடும்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்தார். வார நாட்களில் தையல் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரும் ஞானோபதேச வகுப்பு. இரண்டிலும் அவருக்குக் கோணல் பிடிக்காது. இப்போதும் அவரை ‘அவள்’ என்று எழுத எனக்குக் கை வருவதில்லை. அப்பா கப்பலில் இருந்தார், எட்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். ஆகையால் வீட்டில் அத்தை வைத்ததுதான் சட்டம்.

மாமா அதன்பிறகு கடலுக்குப் போகவில்லை. மீன்பிடித் துறைமுகம் பக்கத்தில் ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, எங்கள் வீட்டிலேயே இருந்தார். அதிகம் பேச மாட்டார். படுக்கவும் மாட்டார். சுவரில் முதுகைச் சாய்த்து, கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பார். பாயை விரித்துக் கொடுத்தால் சுருட்டி ஓரமாக வைத்துவிடுவார். அம்மா அதைச் சொல்லி அழுவாள். கடவுள் தொட்ட ஆள் அப்படித்தான் இருப்பார் என்று அத்தை சொல்வார். எனக்கு இரண்டும் சரியாகத்தான் பட்டது.

ஒன்பது வயதில் நான் புதுநன்மை வகுப்புக்கு, அதாவது முதல்முதலாக நற்கருணை வாங்குகிற பிள்ளைகளுக்கான வகுப்புக்குப் போனேன். வெள்ளைக் கவுனை அத்தையே தைத்து முடித்து, மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்திருந்தார். பங்குச் சாமியார் கூப்பிட்டு வைத்துக் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டால் போதும், அந்தக் கவுன் எனக்கு. சொல்லாவிட்டால் அடுத்த வருடம் வரை பீரோவுக்கு. கேள்விகளில் ஒன்று, கடவுள் தம்முடைய மகிமையை நமக்கு எவ்வாறு வெளிப்படுத்துகிறார் என்பது. படைப்பின் வழியாகவும் வரலாற்றின் வழியாகவும் வெளிப்படுத்துகிறார் என்பது பதில். எடுத்துக்காட்டுகளும் கூறுக.

படைப்புக்கு அத்தை சொன்ன முதல் எடுத்துக்காட்டு கடல். வரலாற்றுக்குச் சொன்ன முதல் எடுத்துக்காட்டும் கடல், மோசே பிளந்த செங்கடல். அதோடு விடாமல் என் பக்கம் கையைக் காட்டி, நம்ம காலத்திலேயே நம்ம கடலிலேயே கடவுள் ஒரு மனுஷனைக் கேனோடு தூக்கிவிட்டார், இவள் மாமாவைப் போய்ப் பாருங்கள் என்பார். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்க்கும். மோசே இருக்கும் வரிசையில் எங்கள் வீட்டு ஆளும் நிற்கிறார் என்றால் பெருமை இல்லாமல் இருக்குமா. நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்காருவேன்.

பெருமை ஒரு மாதம் தாங்கியது. அதன்பிறகு எனக்குக் குழப்பம் பிடித்துவிட்டது. கடல் கடவுளின் மகிமை என்றால், படகைக் கவிழ்த்ததும் அதே கடல்தானே. மாமாவைக் காப்பாற்றியது மகிமை என்றால், கூட்டாளியைக் காப்பாற்றாமல் விட்டதற்கு என்ன பெயர்? செங்கடலில் முங்கிப்போன எகிப்துக்காரர்களின் குதிரைகள் என்ன பாவம் செய்தன? குதிரை விஷயத்தை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். கூட்டாளி விஷயத்தை மட்டும் அத்தையிடம் கேட்டேன்.

“பதிலப் படிளா. கேள்வி கேக்கது சாமியாரு வேல” என்றார் அத்தை. கொஞ்சம் கழித்து, தையல் மெஷினை நிறுத்தாமலே, “அதுவும் மகிமதான். நமக்கு விளங்காது” என்றார். அவருக்கே விளங்காதது எனக்கு எப்படிப் பரீட்சையில் வரும் என்று எனக்குப் புரியவில்லை.

படகு கவிழ்ந்த அந்தத் தேதியில் வருடாவருடம் எங்கள் கோயிலில் இரண்டு வீடுகள் பூசை கொடுப்பது வழக்கம். எங்கள் வீட்டிலிருந்து, மாமா பிழைத்து வந்ததற்கு நன்றிப் பூசை. தெற்குத் தெருவிலிருந்து, கூட்டாளிக்கு ஆன்ம இளைப்பாற்றிப் பூசை. ஒரே நாள், ஒரே பூசை. பூசை தொடங்குமுன் மைக்கில் யாருக்காக, எதற்காகப் பூசை என்ற இரண்டு கருத்துகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்வார்கள். கூட்டாளியின் மனைவியை நான் தெற்குத் தெருச் சித்தி என்று கூப்பிடுவேன். பிள்ளை கிடையாது. எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். மாமாவும் அவள் தெருவழியாக நடப்பதில்லை. ஐஸ் கம்பெனிக்குச் சுற்றுவழியில் போவார்.

அந்த வருடம் அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஞாயிறு எங்கள் கடற்கரையில் ஒரு படகும் இறங்காது என்பதால் கோயிலில் நிற்க இடம் இருக்காது. புதுநன்மைப் பிள்ளைகளில் ஒருத்தி கருத்துகளைச் சொல்லட்டும் என்று சாமியார் சொல்ல, அத்தை என்னை முன்னால் தள்ளினார். காகிதத்தைக் கையில் வைத்திருந்தால் நடுங்கும், மைக்கில் சரசரவென்று கேட்கும், ஆகவே மனப்பாடமாகச் சொல்ல வேண்டும் என்பது அவர் உத்தரவு. மூன்று நாள் சொல்லிப் பார்த்தேன். கேனைத் துடைத்துக்கொண்டுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

மைக் முன்னால் போய் நின்றபோது ஆண்கள் பக்கம் மாமா தெரிந்தார். அங்கேயும் சுவரில் சாய்ந்து, கண்ணைத் திறந்தபடி. பெண்கள் பக்கம் முதல் வரிசையில் சித்தி முக்காடு போட்டு முழங்காலில் இருந்தாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன் என்பது நினைவிருக்கிறது. பிறகு கணீரென்று சொன்னேன். இத்திருப்பலி, நான்காண்டுகளுக்கு முன் கடலில் மரித்த இன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவும், அதே நாளில் கடவுளிடமிருந்து உயிர்ப்பிச்சை பெற்ற இன்னாருக்காக நன்றியாகவும் ஒப்புக்கொடுக்கப்படுகிறது.

பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. அன்று மைக்கில் சொன்னதே போதும். செத்தவர் இடத்தில் மாமா பெயரைச் சொல்லிவிட்டேன். பிழைத்தவர் இடத்தில் கூட்டாளியின் பெயரை.

முதலில் பாட்டுக் குழுவில் யாரோ சிரித்தார்கள். பிறகு பெண்கள் பக்கம் முக்காடுகள் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின. அத்தையின் முகத்தைப் பார்த்துத்தான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. சாமியார் மைக்குக்கு வந்து, நிதானமாக, பெயர்களைச் சரியாகச் சொன்னார். சித்தி தலை நிமிரவில்லை. மாமா எழுந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை, உயிரோடு இருப்பதற்குத் தனக்கே கொடுத்த பூசை, அதை விட்டுவிட்டு வாசல் வழியாக வெளியே போய்விட்டார். எங்கள் ஊரில் காய்ச்சல்காரன்கூட அப்படிப் போக மாட்டான்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் பாட்டுக் குழுவில் இருந்த ஒரு பெரிய பிள்ளை என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். “ஏளா, உசுரோட இருக்க ஆளுக்குச் செத்த பூச வச்சிட்டியே. இனி எட்டு நாளு தாண்டாது பாத்துக்கோ” என்றாள். அவள் ஒன்பதாம் வகுப்பு படித்தாள். ஆகவே நம்பினேன். பரீட்சை போச்சு, கவுன் போச்சு என்று அதுவரை அழுதுகொண்டிருந்தவள், அதையெல்லாம் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

மாமா பீடத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கேனின் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கேனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். சாகப்போகிறவர்கள் தங்கள் சாமான்களை ஒவ்வொருவருக்காகக் கொடுத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும், பக்கத்து வீட்டுத் தாத்தா அப்படித்தான் டார்ச் லைட்டை என் அப்பாவுக்குக் கொடுத்தார். எட்டு நாள் என்று சொன்னார்களே, அதற்குள் தொடங்கிவிட்டதே என்று நினைத்தேன். அம்மா பின்னால் வந்து சேர்ந்து, “சித்திகிட்டப் போயி மன்னிப்புக் கேட்டுட்டு வாளா” என்று என்னைத் திருப்பி அனுப்பினாள். எனக்கும் மாமாவுக்கும் ஒரே வழியாகத்தான் இருந்தது. கேனைத் தூக்கிக்கொண்டு அவர் தெற்குத் தெருவுக்குள் திரும்பினார். நான்கு வருடத்தில் முதல்தடவை. நான் பத்தடி தள்ளிப் பின்னாலேயே போனேன்.

சித்தி அதற்குள் வீட்டுக்கு வந்து, பூசைச் சேலையை மாற்றாமலே அரிவாள்மனையில் உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். மாமாவைக் கண்டு எழுந்திருக்கவில்லை. என்னைத்தான் முதலில் பார்த்தாள்.

“என்ன பிள்ள, எங்க வீட்டு ஆளுக்கு ஒரு நிமிசம் உசுரு குடுத்துட்டியே” என்றாள். திட்டுகிறாளா கேலி செய்கிறாளா என்று தெரியவில்லை. வழியெல்லாம் சொல்லிப்பார்த்த மன்னிப்பை நான் தொடங்குவதற்குள் மாமா பேசினார்.

“பிள்ள தப்பாச் சொல்லல மதினி.”

கேனைத் தரையில் வைத்தார். அவரும் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். மாமா அத்தனை வார்த்தைகள் சேர்ந்தாற்போலப் பேசி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

“இது ஒண்ணுதான் மிதந்துச்சு. ரெண்டு பேரு பிடிச்சா முங்குது. மாத்தி மாத்திப் பிடிச்சோம். அவன் பிடிக்க நேரம் நான் நீந்துவேன், நான் பிடிக்க நேரம் அவன். விடிஞ்ச பொறவு எனக்குக் கையி ஓஞ்சிட்டு. அப்பம் அவன் முறதான். அவன் கேன எங்கிட்டத் தள்ளி விட்டான். ‘ஏலே, நீ பிடி, நான் கொஞ்சம் நீந்திட்டு வாரேன்’ன்னான். நான் பிடிச்சுக்கிட்டேன்.” கேனின் மூடியைத் தடவினார். “திருப்பிக் குடுக்கல மதினி. கூப்புடவும் இல்ல. இத மட்டும் பிடிச்சுக்கிட்டே கெடந்தேன்.”

சித்தியின் கை அரிவாள்மனையில் நின்றுவிட்டது. தெருவில் ஒரு ஐஸ்வண்டி மணி அடித்துக்கொண்டு போனது.

“நீந்திட்டு வாரேன்னா சொன்னாரு?”

“ஆமா.”

“அவரு பேச்சுதான். நீச்சல்ல தனக்கு மிஞ்சி ஆளில்லன்னு ஒரு இது அவருக்கு.” முக்காட்டு முனையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் என்று நினைத்தேன். “நாலு வருசம் தம்பி. கடைசியா என்ன சொன்னாருன்னு ஒரு வார்த்த தெரியாமக் கெடந்தேன். கடலப் பாத்து ஏசிக்கிட்டே கெடந்தேன். வந்து சொல்லியிருக்கலாம்லா.”

“எல்லாரும் மாதா காப்பாத்துனாங்கன்னு மால போட்டுட்டாங்க மதினி. அதுக்கு மேல நான் எங்கன போயிச் சொல்ல.”

அந்த இடத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பரீட்சைக்கு ஒரு வாரம்தான் இருந்தது, எனக்கு எடுத்துக்காட்டு வேண்டியிருந்தது. “அப்பம் மாமாவக் காப்பாத்துனது மாதாவா, சித்தப்பாவா?” என்று கேட்டேன். மாமா என்னைப் பார்த்தார், அப்போதுதான் நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்ததுபோல. சித்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “எனக்குத் தெரியலையே பிள்ள. உங்க அத்த படிச்சவங்க, கேட்டுச் சொல்லு” என்றாள். பிறகு வெங்காயத்தை வழித்துச் சட்டியில் போட்டாள். “கறி வேகட்டும், ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்” என்றாள்.

மாமா சாப்பிட்டார். இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. கடைசிச் சாப்பாட்டை ஒருவர் அத்தனை ருசித்துச் சாப்பிடுவதை யாரால் பார்த்துக்கொண்டிருக்க முடியும். கேனைச் சித்தியிடமே விட்டுவிட்டு, வெறுங்கையோடு அவர் எழுந்தபோது என் சந்தேகம் தீர்ந்துபோயிற்று. அவர் கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா தானே பாயை எடுத்து விரித்தார். படுத்தார். நீட்டி நிமிர்ந்து, மல்லாந்து, இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து. கண்ணை மூடினார். கல்லறைக்குக் கொண்டுபோகுமுன் ஆளை எப்படிக் கிடத்துவார்களோ அப்படியே.

அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று கண்டதும் நான் உள்ளே ஓடப் பார்த்தேன். “ஒருத்தரும் உள்ள போகக் கூடாது” என்றாள். அத்தைகூட, பீடத்தில் கேன் இல்லாததைப் பார்த்துத் திறந்த வாயை அம்மாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். தையல் மெஷின் அன்று ஓடவில்லை. வீட்டில் எல்லோருமே சாவு வீட்டில் நடப்பதுபோல மெதுவாக நடந்தார்கள்.

அம்மா அடுக்களைக்குள் போன நேரம் பார்த்து நான் உள்ளே நுழைந்தேன். மாமாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஆள்காட்டி விரலை அவர் மூக்கின் கீழே வைத்தேன். சூடாகக் காற்று வந்தது. விரலை எடுத்துவிட்டு, கடவுளே, நான் மாற்றிச் சொன்னதை நீங்கள் மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள் என்று வேண்டினேன். கொஞ்சம் கழித்து மறுபடி வைத்துப் பார்த்தேன். வந்தது. குறட்டை தொடங்கியதும் அது உயிர் போகும் சத்தமோ என்று பயந்து இன்னொரு தடவை. மத்தியானம் முழுக்க அங்கேயே இருந்தேன். மாதாவைக் கேட்டேன், திருஇருதயத்தைக் கேட்டேன், அது போதாதோ என்று நீந்திப்போன சித்தப்பாவிடமும் கேட்டேன். அவரிடம் கேட்கலாமா கூடாதா என்று அத்தை சொல்லித் தரவில்லை.

கோயிலில் சாயங்காலச் செபத்துக்கான திரிகால மணி அடித்தபோது மாமா கண் திறந்தார். என் விரல் அவர் மூக்கின் கீழே இருந்தது.

“என்னளா பண்ணுத?”

“சும்மா.”

“கடுங்காப்பி இருக்கான்னு அம்மாட்டக் கேளு” என்றார். நான் அடுக்களைக்கு ஓடி அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று அவள் கேட்கவில்லை. அவளும் அழுதுகொண்டிருந்ததால் கேட்கத் தோன்றியிருக்காது.

மறுநாள் காலையில் குழாயடி வரிசையில், குடங்களுக்கு நடுவில், நீல மூடி போட்ட அந்தக் கேன் இருந்தது. நான்கு வருடம் மாலை போட்டு வைத்த பொருளைச் சித்தி தண்ணீர் பிடிக்க வைத்துவிட்டாள் என்று அத்தைக்கு ஒரே ஆத்திரம். ஓட்டை இல்லாத கேனை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வதாம் என்று சித்தி கேட்டாளாம். பீடத்தில் கேன் இருந்த இடத்தில் அத்தை ஒரு பூச்சாடியை வைத்தார். அது கொஞ்சம் சின்னது, சுற்றிலும் கேனின் வட்டம் தெரிந்துகொண்டே இருந்தது.

எட்டு நாளும் நான் விரலும் கையுமாகவே இருந்தேன். மாமா எட்டு நாளும் தூங்கினார். வேலையிலிருந்து வந்து படுத்தால் அடித்துப்போட்டமாதிரி தூங்கினார். எட்டாம் நாள் சாமியார் எங்களை வரிசையாக நிறுத்திக் கேள்வி கேட்டார். கடவுள் தம்முடைய மகிமையை எவ்வாறு வெளிப்படுத்துகிறார் என்ற கேள்வி சரியாக என்னிடம் வந்தது.

படைப்பின் வழியாகவும் வரலாற்றின் வழியாகவும், சாமி என்றேன். படைப்புக்கு, சூரியன், சந்திரன், கடல், மீன். வரலாற்றுக்கு, நோவாவின் பேழை, செங்கடல், மன்னா. மாமாவைச் சொல்லவில்லை. அந்தக் கணக்கு குழம்பிப்போயிருந்தது, தொட்டால் கவுன் போய்விடும் என்று பயம்.

“வேற?” என்றார் சாமியார்.

நன்றாக யோசித்துப் பார்த்தேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது, சாமி என்றேன். ஆள்காட்டி விரலை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்திருந்தேன். காலையில் வைத்துப் பார்த்த சூடு அதில் இன்னும் இருந்தது. அதைச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.